மீதமுள்ள நாட்கள்

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் நின்று 'புரொபேஷன்' என்று சொல்லிப் பாருங்கள். "எத்தனை மாசம், ஆறா, ஒரு வருஷமா?" என்று கேட்பார்கள். வேலை நிரந்தரமாகும்வரை கம்பெனி ஆளை உரசிப் பார்க்கும் காலத்துக்கு அங்கே அதுதான் பெயர். அதையே 'நன்னடத்தை' என்று தமிழில் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். "யாரு, பாண்டு எழுதிக் கொடுத்துட்டானா?" என்று குரல் தாழும்.

அவர்கள் கேட்பது போலீஸ் பாண்டு. நாளிதழ்களின் சென்னைப் பதிப்பைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தச் செய்தி மனப்பாடமாகியிருக்கும். சரித்திரப் பதிவேடு உள்ள ஒருவர் துணை ஆணையர் முன்பு ஆஜராகி, ஓராண்டுக்கு எந்தக் குற்றச் செயலிலும் ஈடுபடமாட்டேன் என்று நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பிறகு அதை மீறினார். ஆகவே, நன்னடத்தையுடன் இருந்த நாட்களைக் கழித்து, மீதமுள்ள நாட்களுக்குச் சிறை. ஆளும் பேட்டையும் மாறும்; வாசகம் மாறாது.

அந்தக் கழித்தல் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். பாண்டு எழுதிக் கொடுத்து 80 நாள் கழித்து ஒருவர் தெருச் சண்டையில் கை வைத்தார் என்றால், 365-ல் 80 போக 285 நாள் உள்ளே. அதே சண்டை, அதே அடி, 300 நாள் கழித்து நடந்திருந்தால் 65 நாள். சிறையின் நீளத்தைத் தீர்மானிப்பது அடியின் பலம் அல்ல, சுவரில் தொங்கும் காலண்டர். சண்டைக்கென்று தனியாக வழக்கு, தனியாக விசாரணை, தனியாகத் தண்டனை எல்லாம் அதற்குமேல் உண்டு.

இதே 'நன்னடத்தை' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருக்கும் இன்னொரு சட்டம் இருக்கிறது: குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958. குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களுக்கானது. அங்கேயும் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அங்கேயும் மீறல் உண்டு. முதல் முறை மீறினால், பத்திரம் அப்படியே தொடரட்டும் என்று விட்டு, நீதிமன்றம் ஒரு தொகையை மட்டும் கட்டச் சொல்லலாம். அந்தத் தொகையின் உச்சவரம்பு 50 ரூபாய். அச்சுப்பிழை இல்லை, ஐம்பதேதான். 1958-ல் எழுதிய எண் இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

குற்றவாளி என்று நீதிமன்றமே தீர்ப்பு எழுதிய ஒருவர் சறுக்கினால், சட்டம் அவரை மறுபடி ஒருமுறை நம்பிப் பார்க்க வழி வைத்திருக்கிறது. எந்தத் தீர்ப்பும் இல்லாமல், 'இவர் தகராறு செய்யக்கூடும்' என்ற சந்தேகத்தின் பேரில் கையெழுத்துப் போட்டவர் சறுக்கினால் அப்படி ஒரு படி இல்லை. மிச்ச நாள் முழுக்கச் சிறை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் காகிதங்களைப் பற்றிய இந்தக் கட்டுரை, இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் தொடங்க முடியும்.

செருப்புத் தைத்தவரின் ஜாமீன்

முதலில் நீதிமன்றம் தரும் நன்னடத்தை. இதன் கதை பாஸ்டன் நகரத்தில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் ஆரம்பிக்கிறது. ஜான் அகஸ்டஸ் என்று பெயர். 1841-ல் நீதிமன்றத்துக்குப் போனவர், குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒரு மனிதனைத் தன் ஜாமீனில் எடுத்தார். சில வாரம் கழித்து அந்த ஆள் தெளிந்த முகத்தோடு நீதிபதி முன்னால் வந்து நின்றான். அகஸ்டஸ் 1859-ல் இறக்கும்வரை இப்படி ஜாமீன் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 2000 பேர். சம்பளம் இல்லை, பதவி இல்லை. இன்றைய நன்னடத்தை அலுவலர்களுக்கு முன்னோடி அவர்தான்.

சென்னை மாகாணம் இதில் பின்தங்கி நிற்கவில்லை. மத்தியச் சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1936-ல் சென்னைக்கென்று தனியாக ஒரு நன்னடத்தைச் சட்டம் இருந்தது. நாட்டிலேயே முன்னோடிச் சட்டங்களில் அது ஒன்று. 1958 சட்டத்தின் பொருளை உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்ன ஆரம்பகாலத் தீர்ப்புகளில் முக்கியமானது 1964-ல் வந்தது. ஹரியானாப் பக்கத்து 16 வயதுப் பையன் ஒருவனுடைய வழக்கு. எழுதியவர் நீதிபதி கே. சுப்பாராவ், சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்து அங்கேயே நீதிபதியாகி டெல்லிக்குப் போனவர். விசாரணை நீதிமன்றம் கவனிக்காமல் விட்டாலும், மேல்முறையீட்டில்கூட இந்தச் சலுகையைக் கொடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு வழி திறந்தது.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், தண்டனையை உடனே விதிக்காமல், ஒரு பத்திரத்தின் பேரில் ஆளை வெளியே விடலாம். காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்குள் கூப்பிட்டால் வந்து தண்டனையை ஏற்க வேண்டும். கூப்பிடாதபடி ஒழுங்காக இருந்துவிட்டால் தண்டனையே இல்லை. ஆளுக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான முகவரியோ நிலையான தொழிலோ அந்த வட்டாரத்தில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனை எளிதாகத் தெரியும். திருமுல்லைவாயலிலும் பாடியிலும் ஒரு அறையில் ஐந்து பேராகத் தங்கி, ஒப்பந்தத் தொழிலாளியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறும் இளைஞனுக்கு 'நிலையான முகவரி, நிலையான தொழில்' என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அவனைக் கேட்டால்தான் தெரியும்.

21 வயது நிரம்பாதவர் என்றால் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது. ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாதபட்சத்தில், அவரைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பதுதான் விதி. அனுப்பினால் ஏன் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். வயதைக் கணக்கிடுவது குற்றம் நடந்த நாளில் அல்ல, விசாரணை நீதிமன்றம் தண்டனையை முடிவு செய்யும் நாளில். வழக்கு இழுத்துக்கொண்டே போனால், 19 வயதில் பிடிபட்ட பையன் 22 வயதில் தீர்ப்பு கேட்பான். வாய்தாவுக்கு வாய்தா வாங்குவதில் இப்படி ஒரு நஷ்டம் இருப்பது நிறைய பேருக்குத் தெரிவதில்லை.

எல்லோருக்கும் இது கிடைக்காது. லஞ்ச வழக்கில் சட்டமே கதவைச் சாத்திவிட்டது. உணவுக் கலப்படத்தில் 1972-லும், அலட்சியமாக வண்டி ஓட்டி உயிரைப் பறித்த வழக்கில் 2000-லும், இரக்கம் காட்ட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சி.டி.எச். சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் ராத்திரியில் லாரி ஓட்டுபவர்கள் இரண்டாவது தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எது மீறல்?

நன்னடத்தைப் பத்திரத்தில் 'அமைதி காப்பேன், நல்லபடி நடப்பேன்' என்பது பொது வாசகம். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பும் சேர்ந்தால் இன்னும் சில வரிகள் வரும்: இந்த முகவரியிலேயே இருக்க வேண்டும், குடிக்கக் கூடாது, இன்னாரோடு சேரக் கூடாது. கண்காணிப்புக் காலம் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இந்த வரிகளில் எதைத் தாண்டினாலும் மீறல்தான். புதிதாக ஒரு குற்றம் செய்தால்தான் மீறல் என்று இல்லை. வீட்டை மாற்றிவிட்டு அலுவலரிடம் சொல்லாமல் இருந்தாலும் மீறல். வாடகை ஏறினால் வீடு மாறுகிற நம் புறநகரில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது.

மீறியதாக அலுவலர் அறிக்கை கொடுத்தாலோ வேறு வழியில் தெரியவந்தாலோ, நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ அனுப்பும். அது குற்றவாளிக்கு மட்டும் போவதில்லை, ஜாமீன்தாரருக்கும் போகலாம். வந்து நின்றவரிடம் காரணம் கேட்ட பிறகுதான் முடிவு. ஒன்று, பழைய குற்றத்துக்கு அப்போது ஒத்திவைத்த தண்டனையை இப்போது விதிக்கலாம். அல்லது, முதல் மீறலாக இருந்தால் அந்த 50 ரூபாய்க்குள் ஒரு தொகை. அதையும் குறித்த காலத்தில் கட்டாவிட்டால் பழைய குற்றத்துக்கான தண்டனை. கவனியுங்கள்: தண்டனை பழைய குற்றத்துக்குத்தான், மீறலுக்கு அல்ல. திருட்டுக்குப் பத்திரம் எழுதியவர் முகவரி மாற்றிப் பிடிபட்டால், அவர் அனுபவிப்பது திருட்டுக்கான சிறை. 'மீதமுள்ள நாட்கள்' என்ற கழித்தல் இங்கே கிடையாது.

நிபந்தனை கஷ்டமாக இருந்தால் அதை மாற்றக் கேட்கவும், நன்றாக நடந்துகொண்டால் காலம் முடியும் முன்பே பத்திரத்திலிருந்து விடுவிக்கச் சொல்லவும் இதே சட்டத்தில் இடம் இருக்கிறது. மீறிவிட்டு மாட்டுவதற்குப் பதில் முன்கூட்டியே மனுப் போடலாம்.

இன்னொரு விஷயம், ஆவடிக்காரர்களுக்காகவே சொல்ல வேண்டியது. டேங்க் ஃபேக்டரி, குளோதிங் ஃபேக்டரி, ரயில்வே என்று அரசுச் சம்பளத்தை நம்பிய குடும்பங்கள் இங்கே அதிகம். நன்னடத்தையில் விடுதலையானவருக்குத் தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அதைப் படித்துவிட்டு 'கேஸே இல்லாத மாதிரி' என்று நிம்மதியடைவார்கள். அப்படி இல்லை. 1975-ல் தெற்கு ரயில்வே ஊழியர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில், குற்றவாளி என்ற தீர்ப்பு அழிந்துவிடுவதில்லை, துறை நடவடிக்கைக்குத் தடையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே மூச்சில், தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வேலையிலிருந்து நீக்கக் கூடாது, என்ன நடந்தது என்று நிர்வாகம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. வேலை தப்பலாம், தப்பாமலும் போகலாம்.

இவ்வளவு இருந்தும் இந்தச் சட்டத்தை ஏன் நம் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை? என் அபிப்பிராயம் இது. குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில், 'குடும்பம் இருக்கு, பார்த்துச் செய்யுங்க' என்பதைத் தாண்டி நம் ஆட்களுக்கு வார்த்தை வருவதில்லை. 'நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேளுங்கள் ஐயா' என்பதுதான் அங்கே சொல்ல வேண்டிய வாக்கியம்.

சந்தேகத்தின் பேரில் ஒரு பத்திரம்

இப்போது போலீஸ் பாண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 109, 110 என்ற எண்களை வாயில் வைத்திருக்கும் இளைஞர்கள் இந்தப் பகுதியில் உண்டு. '110 போட்டுட்டாங்க' என்பது பேச்சு வழக்கு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 126, 128, 129 ஆகிவிட்டன. அமைதிக்குப் பங்கம் வரலாம் என்றால் முதலாவது, ஒளிந்து திரிபவர் என்றால் அடுத்தது, வாடிக்கையாகக் குற்றம் செய்பவர் என்றால் மூன்றாவது. முதல் இரண்டில் பத்திரம் ஓராண்டுவரை, கடைசியில் மூன்றாண்டுவரை. தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் பட்டியல் போட்டுக் கூப்பிடுவார்கள்.

காலனிக் காலத்துச் சரக்கு இது. இதன் உறவுக்காரச் சட்டம் ஒன்றைத் தமிழ்நாடு மறக்க முடியாது. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம், நம் மக்கள் வாயில் 'கைரேகைச் சட்டம்'. ஒரு சாதியில் பிறந்தாலே ரேகை கொடுக்க வேண்டும், ராத்திரியில் ஆஜர் காட்ட வேண்டும். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ஜனங்கள் துப்பாக்கிக்கு முன்னால் நின்றார்கள். அந்தச் சட்டம் போய்விட்டது. இனிமேல் செய்யக்கூடும் என்பதற்காக இப்போதே கையெழுத்து வாங்கி வைக்கும் யோசனை மட்டும் போகவில்லை.

யோசனை செல்லுமா என்ற கேள்வி 1970-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சோஷலிஸ்ட் தலைவர் மது லிமாயே பிகாரின் முங்கேரில் கைதான வழக்கு. ஏழு நீதிபதிகள் அமர்ந்தார்கள். இந்தப் பிரிவுகள் அடங்கிய அத்தியாயம் செல்லும் என்றார்கள். ஆனால் வேலி போட்டார்கள். என்ன தகவல் வந்தது என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும், விசாரணையைத் தொடங்காமல் இடைக்காலப் பாண்டு கேட்கக் கூடாது. சட்டத்திலேயே வேறு வேலிகளும் உண்டு. விசாரணை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும், பத்திரத் தொகை ஆளின் நிலைமைக்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது, பாண்டு கேட்கும் உத்தரவை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஸ்டேஷனில் உட்காரவைத்து, அச்சடித்த தாளில் 'இங்கே போடு' என்று விரல் காட்டப்படுபவருக்கு இதில் எது தெரியும்?

விசாரிப்பவர் யார் என்பதில்தான் தமிழ்நாட்டின் சொந்தக் கதை இருக்கிறது. மாவட்டங்களில் இந்த வேலையை ஆர்.டி.ஓ. போன்ற வருவாய்த் துறை அதிகாரிகள் செயல்துறை நடுவர் என்ற முறையில் செய்தார்கள். 2013-லும் 2014-லும் வந்த இரண்டு அரசாணைகள், ஆணையரக எல்லைகளில் காவல் துணை ஆணையர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அப்போது சென்னை ஆணையரகத்தில். 2022 ஜனவரி 1 முதல் ஆவடி ஆணையரகத்தில். ஆக, இன்ஸ்பெக்டர் 'இவர் ஆபத்தானவர்' என்று எழுதி அனுப்புவார், அவருடைய மேலதிகாரி நடுவர் நாற்காலியில் அமர்ந்து கேட்பார், மீறினார் என்று அதே இன்ஸ்பெக்டர் மறுபடி எழுதுவார், அதே மேலதிகாரி மீதமுள்ள நாட்களைக் கணக்கிட்டுப் புழல் சிறைக்கு அனுப்புவார். ஆட்டத்தில் இறங்கியவரே விசிலையும் கையில் வைத்திருந்தார்.

இப்படிச் சிறைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனி நீதிபதிகளின் தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கடைசியில் நீதிபதிகள் என். சதீஷ்குமார், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு 2023 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. இரண்டு அரசாணைகளும் அரசியல் சாசனத்துக்கு முரண், நீதி வழங்கும் வேலையையும் காவல் வேலையையும் ஒரே கையில் கொடுக்க முடியாது என்றது. பாண்டை மீறியதற்காகச் செயல்துறை நடுவர் தாமே சிறையில் அடைக்க முடியாது. 107-ன் பாண்டை மீறியவரை நீதித் துறை நடுவர் முன் நிறுத்தி, அங்கே விசாரித்துத்தான் தண்டிக்க வேண்டும் என்றும் சொன்னது.

மீறலுக்குச் சிறை என்று சொல்லும் 122-ஆவது பிரிவின் வாசகத்தையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். புதிய சட்டத்தில் அது 141. 'அமைதி காப்பதற்கான' பத்திரத்தை மீறியவர் என்றுதான் அங்கே இருக்கிறது. 'நன்னடத்தைக்கான' பத்திரம் என்ற சொல் அந்த உட்பிரிவில் இல்லை. வாடிக்கைக் குற்றவாளி என்று 110-ல் வாங்குவதோ நன்னடத்தைக்கான பத்திரம். இரண்டும் ஒன்றல்ல. வழக்கறிஞர்கள் இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு வாதாடியது வீம்புக்காக அல்ல; ஒருவர் 285 நாள் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் அதில் தொங்கியது.

ரௌடிகளுக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து என்று கேட்கலாம். தெருவில் கத்தியோடு திரிபவனைப் பார்த்துப் பயந்து கடையை எட்டு மணிக்கே சாத்துகிற வியாபாரிக்கு இந்தப் பத்திரம் ஒரு தெம்பு. அதை நான் மறுக்கவில்லை. அந்த வியாபாரியின் மகனே ஒருநாள் கோயில் திருவிழாத் தகராறில் பட்டியலில் ஏறினால், அவனைக் கேட்பதற்குக் காக்கிச் சட்டை போடாத ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் அவரும் சொல்வார்.

காலை 10.30 மணி

மூன்றாவதாக ஒரு காகிதம் உண்டு. 'கண்டிஷன் கையெழுத்து' என்றால் எல்லோருக்கும் புரியும். ஜாமீன் உத்தரவில் 'தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்' என்று வரும் வரி. இது தண்டனையும் அல்ல, நன்னடத்தையும் அல்ல. வழக்கு முடியும்வரை ஆள் ஓடிவிடாமல் இருக்க. ஆனால் மூன்றிலும் மிக எளிதாக மீறப்படுவது இதுதான்.

எஸ்டேட்டில் முதல் ஷிப்டில் இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். பத்தரை மணிக்கு ஸ்டேஷன் என்றால் ஷிப்டின் நடுவில் கேட்டைத் தாண்ட வேண்டும். முதல் வாரம் தலைவலி என்பார், இரண்டாம் வாரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பார். மூன்றாம் வாரம் காண்டிராக்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். வேலையைக் காப்பாற்ற இரண்டு நாள் கையெழுத்தை விட்டால், ஜாமீனை ரத்து செய்யச் சொல்லிப் போலீஸ் மனுப் போடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவுகளின் கடைசியில் வழக்கமாக ஒரு பத்தி இருக்கும்: நிபந்தனையை மீறினால், தானே விதித்த நிபந்தனையாகக் கருதிக் கீழமை நீதிமன்றமே நடவடிக்கை எடுக்கலாம் என்று. 2005-ல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அந்தப் பத்தி மேற்கோள் காட்டும். தலைமறைவானால் தனியாக இன்னொரு வழக்கு, ஓராண்டுவரை சிறை.

இதற்கு மருந்து சிறியது. 'கண்டிஷன் ரிலாக்ஸ்' மனு. ஷிப்ட் நேரத்துக்கான கம்பெனிக் கடிதத்தை இணைத்து, நேரத்தை மாற்றவோ வாரம் ஒருமுறை ஆக்கவோ கேட்கலாம். கையெழுத்தை விடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். விட்ட பிறகு கேட்டால் அது மனு இல்லை, சமாதானம். வக்கீலுக்குக் காசு இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். காவலில் இருப்பவர் என்றால் வருமான வரம்பெல்லாம் கிடையாது, யாராக இருந்தாலும் இலவசம்.

நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் ஒருவரை விடும்போது, நிபந்தனைகளை அவருக்கு விளக்கிச் சொல்லி, உத்தரவின் நகல் ஒன்றை அவருக்கும், ஒன்றை ஜாமீன்தாரருக்கும் கையோடு கொடுக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட கடமை. ஜாமீன்தாரர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார், ரேஷன் கார்டும் ஆதாரும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு காலையிலிருந்து வராந்தாவில் நிற்பவர். பையனை வெளியே பார்த்த சந்தோஷத்தில் அந்தத் தாளை வாங்காமலே பஸ் ஏறிவிடுவார். மூன்று ஆண்டில் என்றைக்காவது சம்மன் வந்தால், அது அவர் பேருக்கும் வரும்.